நூலக வரி யாருடைய பணம்?

நூலகம் என்பது அரசு மனமிரங்கி மக்களுக்கு வழங்கும் கொடை என்று கருதுவோர் இன்றும் பலர் உளர். வரவு செலவுத் திட்டத்தில் மிச்சம் இருந்தால் நூல் வாங்கலாம். இல்லையேல் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர்தம் வாதம். தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இவ்வாதம் அடிப்படையிலேயே பிழையானது.

விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றியது சென்னை மாகாணமே. 1948ஆம் ஆண்டு, தி. சு. அவினாசிலிங்கம் கல்வியமைச்சராக இருந்த காலத்தில் அச்சட்டம் நிறைவேறியது. அதற்குப் பின்னின்று உழைத்தவர் சீர்காழி தந்த நூலகவியல் அறிஞர் சீ. இரா. அரங்கநாதன். நூலகம் ஆட்சியாளரின் மனநிலைக்கேற்ப வளர்வதும் தேய்வதுமாக இருத்தல் கூடாது என்பதற்காகவே அச்சட்டம் நூலக வரியை ஏற்படுத்திற்று. இன்று சொத்துவரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலகத்திற்கென வாங்கப்படுகிறது. ஆயிரம் ரூபாய் சொத்துவரி கட்டும் குடும்பம் மேலும் நூறு ரூபாயை நூலகத்திற்கெனக் கட்டுகின்றது. அக்குடும்பத்தில் நூலகப் படி மிதித்தவர் ஒருவரும் இல்லாதிருப்பினும் வரி விட்டுவிடுவதில்லை.

அவ்வாறாயின் இது யாருடைய பணம்? வரியைத் திரட்டும் மாநகராட்சியோ நகராட்சியோ வெறும் கைமாற்றும் கரமே. அதனைப் பெறவேண்டியது மாவட்ட நூலக ஆணைக்குழு. ஆயினும், மக்களிடம் வாங்கிய நூலக வரியை உள்ளாட்சி அமைப்புகள் உரிய காலத்தில் செலுத்தாமல் நிலுவை வைப்பது நெடுநாளாகத் தீராத குறை. குடிநீர்க்கும் குப்பைக்கும் பணம் போதவில்லை என்று அவை காரணம் கூறலாம். அத்தேவைகள் உண்மையே. ஆனால் அதற்கென வேறு வரி உண்டு. பிறர் கொடுத்தனுப்பிய பொருளை இடைவழியில் செலவிட்டுவிட்டு, ‘எனக்கும் பசித்தது’ என்பது நியாயமாகுமா? அந்நிலுவையால் நலிவது சிற்றூர்க் கிளை நூலகம். நூல் கிடைக்காது திரும்புவது ஏழை மாணவன்.

பணத்தைப் போன்றே மேற்பார்வைக்கும் எல்லை வேண்டும். சென்னைக் கோட்டூர்புரத்தில் ஒன்பது தளங்களுடன் எழுந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010 செப்டம்பரில் திறக்கப்பட்டது. 2011இல் ஆட்சி மாறியது. அவ்வாண்டு நவம்பரில் அக்கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக்கப் போவதாக அரசு அறிவித்தது. உயர்நீதிமன்றம் தடை விதித்ததால் நூலகம் பிழைத்தது. மருத்துவமனை வேண்டாம் என்று எவரும் கூறார். நூலகத்தை அழித்துத்தான் அதனை அமைக்கவேண்டுமா என்பதே வினா. ஒரு கட்சி கட்டியதை மறுகட்சி கலைக்க எண்ணுவது மேற்பார்வை அன்று. அது பகை தீர்த்தல்.

அரசு தலையிடவே கூடாது என்பதன்று இதன் பொருள். கணக்குக் கேட்பதும், கடைக்கோடி ஊருக்கும் நூல் சேர்ந்ததா என்று ஆராய்வதும் அரசின் கடமைகள். காவலன் களஞ்சியத்தைக் காக்கவேண்டும். நெல்லைத் தனதென்று கொள்ளலாகாது.

சிங்கப்பூர் வரலாற்றிலும் இதற்கோர் ஒளி உண்டு. 1953இல் வள்ளல் லீ கோங் சியான் நூலகத்திற்கென 3,75,000 வெள்ளி வழங்க முன்வந்தபோது, அது கட்டணமில்லாப் பொது நூலகமாக இருத்தல் வேண்டும், இந்நாட்டு மக்களின் தாய்மொழி நூல்களும் அதில் இடம்பெற வேண்டும் என நிபந்தனை விதித்தார். அரசும் ஏற்றது, 1960இல் தேசிய நூலகக் கட்டடம் திறக்கப்பெற்றது. ஒரு செல்வரின் நிபந்தனைக்கு அரசு கட்டுப்படுமாயின், கோடிக்கணக்கான எளியோரின் பத்துக் காசுக்குக் கட்டுப்படலாகாதா? அவர்தம் நிபந்தனைதான் சட்டமாக எழுதப்பட்டுள்ளதே!

எனவே, ஒவ்வோர் உள்ளாட்சியும் திரட்டிய நூலக வரி எவ்வளவு, செலுத்தியது எவ்வளவு என்பதை ஆண்டுதோறும் ஊரறிய வெளியிட வேண்டும். நூல் தேர்வு, அரசியல் சார்பற்ற அறிஞர் குழுவிடம் இருத்தல் வேண்டும். நூல்களைக் கொண்டதற்கும் தள்ளியதற்கும் காரணம் கூறப்பட வேண்டும். இவற்றை முதலில் கேட்கவேண்டியோர் தமிழாசிரியரும் மாணவருமே. நூலின் அருமை அறிந்தோர் வாய்மூடி இருப்பின், அதனை அறியாதோர் கையில் நூலகத்தின் சாவி நிலைத்துவிடும்.