எட்டு டாலர் ஜனநாயகம்!

பிரபுக்கள், குடியானவர்கள் என்று பிரித்து வைக்கும் முறை உதவாது, மக்களுக்கே அதிகாரம் என்று 2022 நவம்பர் 1ந் தேதி ஒருவர் முழங்கினார். விவசாயிகள் சங்கத் தலைவர் என்று நினைத்துவிட வேண்டாம், தோழர்களே! 4,400 கோடி டாலர் கொடுத்து ட்விட்டரை வாங்கிய எலான் மஸ்க்தான் அவர்!

விஷயம் இதுதான். அப்போது ட்விட்டரில் சிலர் பெயருக்குப் பக்கத்தில் நீலக்குறி ஒன்று இருந்தது. ‘இவர் அசல் ஆள், போலி அல்ல’ என்பதற்கு அது அத்தாட்சியாக இருந்தது. 2009 முதல் கம்பெனியார் அதை இனாமாகக் கொடுத்து வந்தார்கள். யாருக்குக் கொடுப்பது என்பது அவர்கள் இஷ்டமாக இருந்தது. அதிலே ஓரவஞ்சனை இருந்தது, மறுக்கவில்லை. மஸ்க் கண்ட பரிகாரம் என்ன? மாதம் 8 டாலர் கட்டு, குறியை வாங்கிக்கொள்! மில் வாசலில் காவற்காரர் அடையாள அட்டையைப் பாராமல், காசு கொடுத்தவனையெல்லாம் உள்ளே விட்டால் அதற்குப் பெயர் சமத்துவமா?

நவம்பர் 10ந் தேதியே சாயம் வெளுத்தது. எலி லில்லி என்ற மருந்துக் கம்பெனியின் பெயரில் எவரோ பணம் கட்டிக் குறி வாங்கி, “இன்சுலின் இனி இலவசம்” என்று அறிவித்துவிட்டார். கம்பெனி பதறிப்போய் மன்னிப்புக் கேட்டது. (இன்சுலினைக் கண்டுபிடித்தவர்கள் 1923ல் தங்கள் உரிமையைத் தலைக்கு ஒரு டாலருக்கு டொராண்டோ பல்கலைக் கழகத்திடம் கொடுத்தார்கள். போலி ஆசாமி சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை!) மறுநாளே குறி வியாபாரம் நின்றது. டிசம்பரில் மறுபடி கடை திறந்துவிட்டார்கள்.

அப்படியானால் வேறு வழியே இல்லையா? இருக்கிறது. இணையத்தில் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு விலாசப் பெயர் உண்டு. அதைப் பதிவு செய்தவரைத் தவிர வேறெவரும் அதன் பதிவேட்டில் ஒரு வரிகூட எழுத முடியாது. புளூஸ்கை என்ற சமூக வலைத்தளம் 2023ல் இதையே அத்தாட்சியாக ஏற்றது. உங்கள் கணக்கின் அடையாளத்தை அந்தப் பதிவேட்டில் எழுதிவைத்தால், விலாசமே உங்கள் பெயராகிவிடும். அமெரிக்க செனட்டர்கள் சிலர் செனட்டின் விலாசத்தின் கீழேயே பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு தொழிற்சங்கமும் தன் நிர்வாகிகளுக்கு இப்படிப் பெயர் கொடுக்கலாம். பதவி முடிந்ததும் எடுத்துவிடலாம். எந்தக் கோடீஸ்வரர் தயவும் வேண்டாம்.

இதைப் பட்டா நிலம் என்று சிலர் புகழ்கிறார்கள். அதுதான் தவறு. இது குத்தகை! குத்தகைப் பணத்தைக் காலாகாலத்தில் கட்டாவிட்டால் பெயர் போய்விடும். அந்தக் குத்தகையிலும் கைவைக்கப் பார்த்தார்கள். தர்ம ஸ்தாபனங்களும் சங்கங்களும் பெரிதும் பயன்படுத்தும் ‘டாட் ஆர்க்’ பெயர்களின் நிர்வாகத்தை 2019ல் ஈத்தோஸ் காப்பிடல் என்ற முதலீட்டுக் கம்பெனிக்கு 113.5 கோடி டாலருக்கு விற்க ஏற்பாடு நடந்தது. ஸ்தாபனங்கள் திரண்டு எதிர்த்தன. கலிபோர்னியா அட்டர்னி ஜெனரலும் ஆட்சேபித்தார். 2020 ஏப்ரல் 30ந் தேதி ஐகான் அமைப்பு விற்பனைக்கு அனுமதி மறுத்தது. எதிர்ப்பு இல்லாதிருந்தால்?

ஓரெழுத்தை மாற்றிப் போலி விலாசம் வாங்குகிறவனும் உண்டு. ஆகவே சங்கங்கள் தங்கள் சரியான விலாசத்தை நோட்டீசிலும் சந்தா ரசீதிலும் அச்சிட வேண்டும். விலாசத்தைக் கம்ப்யூட்டர் தெரிந்த யாரோ ஒரு தம்பி பெயரில் பதியாமல், சங்கத்தின் பெயரிலேயே பதிய வேண்டும்.