முட்டை எந்தக் கணக்கில்?

சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் 1920இல் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தொடங்கினார்கள். மாநகராட்சித் தலைவராகப் பிட்டி தியாகராயர் இருந்த காலம் அது. பிள்ளை ஒன்றுக்கு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது நிபந்தனை. அந்த ஓர் அணாவிலேயே வகுப்பறைகள் நிரம்பின. திட்டம் பரவிய பள்ளிகளில் 1922-23இல் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924-25இல் 1,671 ஆனது. இரு மடங்கு. அதற்குப் பிறகு, 1925 ஏப்ரலில், திட்டம் நின்றுபோனது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவெழுத முடியாது என்று அன்றைய பிரிட்டிஷ் அரசு கைவிரித்ததுதான் காரணம். பிள்ளைகள் வந்தார்கள், படித்தார்கள். கணக்குத் தலைப்புதான் இடம் தரவில்லை.

நூறாண்டு ஆகியும் அந்தத் தலைப்புச் சிக்கல் நம் நிதிநிலை அறிக்கைகளை விட்டுப் போகவில்லை. பள்ளிக்குக் கட்டடம் எழுப்பினால் அது மூலதனச் செலவு. உள்ளே பாடம் நடத்தும் ஆசிரியரின் சம்பளம் வருவாய்ச் செலவு. ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுற்றுச்சுவர் அரசின் சொத்து. இரவு இரண்டு மணிக்கு அங்கே பிரசவம் பார்க்கும் செவிலியர் அரசுக்குச் சுமை. சத்துணவுக் கூடத்தின் சிமெண்டுக்கு முதலீடு என்று பெயர். அதற்குள் வேகும் முட்டை தின்று தீர்த்த கணக்கில் சேர்கிறது.

கடன் வாங்கிச் சம்பளம் போடாதே என்னும் விதியில் நியாயம் இருக்கிறது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த விதியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டதில் நடந்தது என்ன? தமிழ்நாடு 2003இலேயே நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் கொண்டுவந்து, வருவாய்ப் பற்றாக்குறையை இல்லாமல் ஆக்குவதை இலக்காக வைத்தது. வட்டியை நிறுத்த முடியாது, ஓய்வூதியத்தில் கை வைக்க முடியாது. எளிதாகச் சுருக்கக் கூடியது ஒன்றுதான்: ஆள். அப்படித்தான் தொகுப்பூதியச் செவிலியர்கள், தற்காலிக ஆசிரியர்கள், கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்கள் என்று ஒரு பெரும் பட்டாளம் உருவானது. சத்துணவுக் கூடங்களின் அமைப்பாளரும் சமையலரும் உதவியாளரும் இன்றும் சிறப்புக் காலமுறை ஊதியத்தில்தான் இருக்கிறார்கள். முறையான காலமுறை ஊதியம் கேட்டு அவர்கள் தெருவில் உட்கார்ந்த போராட்டங்கள் எல்லா ஆட்சிகளும் பார்த்தவை.

ஒன்றிய அரசும் தன் பங்குக்கு இதே சாய்வைக் கூட்டியிருக்கிறது. 2020-21 முதல் மாநிலங்களுக்கு 50 ஆண்டு வட்டியில்லாக் கடன் தருகிறது. மூலதனச் செலவுக்கு மட்டும்தான். அந்தப் பணத்தில் மருத்துவமனைக்கு இன்னொரு மாடி எழுப்பலாம். மாடிக்கு ஒரு செவிலியரை நியமிக்க வழியில்லை.

இந்தப் பிரிவினை பொருளியலில் எப்போதோ ஆட்டம் கண்டுவிட்டது. கல்விக்கும் உடல்நலத்துக்கும் ஆகும் செலவை நுகர்வு என்று ஒதுக்குவது பிழை, அது முதலீடு என்று தியோடர் ஷுல்ட்ஸ் 1960களின் தொடக்கத்திலேயே வாதிட்டார். 1979இல் நோபல் பெற்றார். 1993இல் நோபல் பெற்ற ராபர்ட் ஃபோகல் பிரிட்டனின் இரு நூற்றாண்டுப் பொருளாதாரத்தைச் சாப்பாட்டுத் தட்டிலிருந்து படித்தவர். 1790இலிருந்து 1980 வரை அந்த நாட்டின் தனிநபர் வருமானம் வளர்ந்ததில் ஏறத்தாழ 30 விழுக்காடு ஊட்டம் மேம்பட்டதால் வந்தது என்பது அவர் கணிப்பு. தொழிற்புரட்சி என்றதும் நமக்கு நீராவி எந்திரம்தான் நினைவுக்கு வருகிறது. அதன் பக்கத்தில் பத்து மணி நேரம் நிற்க உடம்பில் தெம்புள்ள ஆளும் வேண்டியிருந்தது.

நம் ஊர்ச் சான்று இன்னும் அருகில் இருக்கிறது. 1956இல் காமராசர் மதிய உணவைக் கொண்டுவந்தபோதும், 1982 ஜூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோதும் ‘பணத்துக்கு எங்கே போவது’ என்ற கேள்விதான் முதலில் எழுந்தது. 1982இல் ஒன்றாம் வகுப்பில் தட்டோடு உட்கார்ந்த பிள்ளைக்கு 1998இல் 21, 22 வயது. அந்த ஆண்டுதான் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து முதல் சாண்ட்ரோ வெளியே வந்தது. துறைமுகம் இருந்தது, 1971இலிருந்து தொழில் வளாகங்களை அமைக்கும் அரசு நிறுவனமான சிப்காட் இருந்தது, சாலையும் மின்சாரமும் இருந்தன. இவை எல்லாமே காரணம். ஆனால் வரைபடத்தைப் படிக்கத் தெரிந்த, நோயில் படுக்காத இளைஞர் கூட்டம் இல்லாத இடத்துக்கு எந்த ஆலையும் துறைமுகத்தை மட்டும் நம்பி வருவதில்லை. பதினாறு ஆண்டுகள் கழித்து வட்டியோடு திரும்பிய பணம் அது. ஐந்தாண்டுக்கு ஒரு தேர்தல் நடக்கும் நாட்டில் அதற்கான பாராட்டு போட்டவருக்குப் போய்ச் சேர்வதில்லை.

2020ஆம் ஆண்டுக் கணக்கில் ஆயிரம் பிறப்புக்குச் சிசு மரணம் இந்தியாவில் 28, தமிழ்நாட்டில் 13. 2021-22இல் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாட்டில் 28.4 விழுக்காடு, இங்கே 47. நாடு முழுவதும் பதிவு பெற்ற தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். இந்த மூன்று எண்களையும் தனித்தனியே படிக்கக் கூடாது. குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்தபின் தாய் இரண்டோடு நிறுத்துகிறாள். இரண்டே என்பதால் மகளும் படிக்கிறாள். படித்த மகள் ஆலை வாசலுக்குப் போகிறாள்.

கல்வியும் மருத்துவமும் கொடுத்துவிட்டால் வளர்ச்சி தானாக வந்துவிடும் என்று நினைப்பவர்கள் இலங்கையைப் பார்க்க வேண்டும். 1945இலேயே இலவசக் கல்வி, ஊர்தோறும் கட்டணமில்லா மருத்துவம், வளரும் நாடுகளுக்கு எடுத்துக்காட்டான ஆயுட்காலம் எல்லாம் அங்கே இருந்தன. படித்தவர்களுக்கு ஏற்ற வேலையை உருவாக்க முடியவில்லை. இனப்பகையும் போரும் பல பத்தாண்டுகளைத் தின்றன. போர் முடிந்து பத்தாண்டு கழித்து, 2019இன் இறுதியில், வரிகளைத் தாராளமாகக் குறைத்தார்கள். 2022 ஏப்ரலில் வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது. மருந்தில்லாமல் மருத்துவமனைகள் அறுவைச் சிகிச்சைகளைத் தள்ளிவைத்தன, மருத்துவர்கள் விமானம் ஏறினார்கள். படித்த, நலமான மக்களை உருவாக்கிய நாடு அவர்களுக்கு வேலையும் கொடுக்க வேண்டும். அந்த வேலையில் விளையும் வருமானத்திலிருந்து வரி வாங்கி, அடுத்த தலைமுறையின் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் அதைத் திருப்ப வேண்டும். இந்தச் சுற்றில் எந்தக் கண்ணி அறுந்தாலும் மற்றவை நெடுநாள் தாங்கா.

நம் சுற்றிலும் விரிசல் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் கால்வாசிப் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ஆலைகளை நிரப்பும் அதே பெண்கள்தான் முதல் கணக்கில் வருகிறார்கள். பின்னலாடை ஆலையில் மதிய ஷிப்டில் தலை சுற்றி உட்காரும் பெண்ணிடம் மேற்பார்வையாளர் பார்ப்பது உற்பத்தி இலக்கை. அவள் ரத்தத்தில் இரும்புச்சத்து குறைவதால் நாட்டின் உற்பத்தி எவ்வளவு குறைகிறது என்பது எந்த நிதிநிலை அறிக்கையிலும் வருவதில்லை. நகையை அடகு வைத்து மகளை நர்சிங் சேர்க்கும் குடும்பம் அதைச் செலவு என்று எழுதி அழுவதில்லை, பின்னால் வரப்போவதைக் கணக்கில் வைக்கிறது. அரசுக்கு மட்டும் அந்தக் கணக்கு பிடிபடவில்லை.

இலக்குகளுக்குக் குறைவில்லை. தேச வருமானத்தில் 6 விழுக்காட்டைக் கல்விக்கு ஒதுக்கச் சொல்லி 1966இல் கோத்தாரி குழு எழுதியதை, 2020 தேசியக் கல்விக் கொள்கையும் இலக்காக மறுபடி எழுதிக்கொண்டது. இடையில் ஐம்பத்து நான்கு ஆண்டுகள்.

கடன் வாங்கிச் சம்பளம் கொடுங்கள் என்று நாம் கேட்கவில்லை. வரியாக வருவதைக் கொண்டு நிரந்தரப் பணியிடங்களை நிரப்புங்கள் என்கிறோம். முதலீட்டை ஈர்க்கிறோம் என்று பெருநிறுவனங்களுக்குச் சலுகை எழுதும்போது, அதே தொகையில் எத்தனை செவிலியர், எத்தனை ஆசிரியர் என்று பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். 2005-06 முதல் ஒன்றிய நிதிநிலை அறிக்கையோடு பாலின வரவு செலவு அறிக்கை வெளியாகிறது. அதே போல மனிதர்மீது போட்ட பணத்துக்கும் தனி அறிக்கை வேண்டும்: எவ்வளவு போட்டோம், ரத்தசோகை எவ்வளவு குறைந்தது, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் எத்தனை பேர் எழுத்துக்கூட்டாமல் வாசிக்கிறார்கள்.

வருவாய்ப் பற்றாக்குறை குறைந்தது என்று சட்டமன்றத்தில் நிதியமைச்சர் வாசித்தால் மேசைகள் தட்டப்படுகின்றன. எத்தனை இடங்களைக் காலியாகவே வைத்திருந்ததால் அது குறைந்தது என்பதை அவர் அதே பத்தியில் வாசிக்க வேண்டும். அவர் வாசிக்காவிட்டால் எழுந்து கேட்க 234 பேரை அங்கே அனுப்பியிருக்கிறோம்.