கோடி ரூபாய் காருக்கு எந்த ஊர் முகவரி?

சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகப் பிச்சாவரத்துக்குப் படகு சவாரி போகிறவர்களின் கார்களில், 'பி.ஒய்.' என்று தொடங்கும் நம்பர் பிளேட்டுகளும் கண்ணில் படும். புதுச்சேரிப் பதிவு. கடலூரைத் தாண்டினால் புதுச்சேரிதான் என்பதால் இதில் வியப்பில்லை. ஆனால், தூரத்து ஊர்களில் ஓடும் சில சொகுசு கார்களிலும் அதே எழுத்துகள் இருக்கின்றனவே, அது ஏன்?

பதில், அந்தக் கார்களின் விலைக் கணக்கில் இருக்கிறது.

ரோல்ஸ்ராய்ஸ் ஃபேன்டம் காரை எடுத்துக்கொள்வோம். 12 சிலிண்டர், 6.75 லிட்டர் இன்ஜின், 563 குதிரைத்திறன். எடை இரண்டரை டன்னுக்கு மேல். வெளிச்சத்தம் உள்ளே வராமல் தடுக்கும் பொருள்கள் மட்டுமே 130 கிலோவைத் தாண்டும். கதவுக்குள் குடை, கூரையின் உள்பக்கம் நட்சத்திரம் போல மின்னும் ஒளிப்புள்ளிகள். நீளமான மாடல் ஏறக்குறைய 6 மீட்டர். கிள்ளையின் குறுகலான தெருவில் திருப்ப நேர்ந்தால் ஓட்டுநர் பாடு திண்டாட்டம்தான்!

வேகத்துக்காக யாரும் இதை வாங்குவதில்லை. அமைதிக்கும் அபூர்வத்துக்கும்தான் இந்த விலை. உலகம் முழுக்க 2023-ல் விற்ற ரோல்ஸ்ராய்ஸ் கார்கள் 6,032. அந்த நிறுவனத்துக்கு அதுவே அதுவரை இல்லாத சாதனை. பக்கத்து வீட்டு வாசலில் இன்னொன்று நிற்காது என்பதுதான் இதன் சந்தை ரகசியம்.

ரோல்ஸ்ராய்ஸின் தாய் நிறுவனம் பி.எம்.டபிள்யூ. அதன் கார்கள் 2007 முதல் செங்கல்பட்டு அருகே மகிந்திரா சிட்டியில் அசெம்பிள் ஆகின்றன. பாகங்களாக வந்து இங்கே பூட்டப்படுவதால் இறக்குமதி வரி குறைவு. ரோல்ஸ்ராய்ஸோ இங்கிலாந்தின் குட்வுட் தொழிற்சாலையிலிருந்து முழு காராகவே கப்பல் ஏறி வருகிறது.

துறைமுகத்தில் 1 கோடி ரூபாய் மதிப்போடு இறங்கும் ஒரு காருக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இறக்குமதி வரிகள் 110 சதவீதம். ஆக 2.10 கோடி. அதன்மேல், 2025 செப்டம்பர் 22 முதல் நடப்பிலுள்ள 40 சதவீத ஜி.எஸ்.டி. 84 லட்சம். ஆக 2.94 கோடி. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புது காருக்கு வாழ்நாள் வரி 20 சதவீதம். அந்தத் தொகைக்கே கணக்கிட்டால் சுமார் 59 லட்சம். டீலர் லாபமும் இன்ஷூரன்ஸும் சேராமலே மூன்றரைக் கோடி!

இதில் முதல் இரண்டு வரிகள் நாடு முழுக்க ஒன்றே. வாழ்நாள் வரி மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். புதுச்சேரியில் அது பல மடங்கு குறைவு. முகவரியின் மகிமை இதுதான். கேரளத் திரைப் பிரபலங்கள் சிலர் புதுச்சேரியில் போலி முகவரி காட்டி சொகுசு கார்களைப் பதிவு செய்ததாக 2017-ல் புகார் எழுந்து, வழக்கும் பதிவானது.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. உரிமையாளர் வசிக்கிற, அல்லது தொழில் நடத்துகிற மாநிலத்தில், வண்டி வழக்கமாக நிற்கும் மாநிலத்தில்தான் பதிவு செய்ய வேண்டும். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு கட்டாயம்.

வரிக்கு எதிராக நேரடியாகக் கோர்ட்டுக்குப் போனவர்களும் உண்டு. இங்கிலாந்திலிருந்து 2012-ல் இறக்குமதி செய்த ரோல்ஸ்ராய்ஸ் காருக்கு நுழைவு வரி விலக்கு கேட்டார் நடிகர் விஜய். சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூலையில் கடும் கண்டனத்தோடும் 1 லட்சம் ரூபாய் அபராதத்தோடும் மனுவைத் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டில் அபராதத்துக்குத் தடை கிடைத்தது. 2022 ஜனவரியில் கண்டன வரிகளும் நீக்கப்பட்டன. வரி விஷயத்தில் கோர்ட்டை நாடுவது குடிமகனின் உரிமை. பொய் முகவரி கொடுப்பது அந்த ரகமல்ல.

இனி விலை இறங்கவும் வாய்ப்புண்டு. 2025 ஜூலை 24-ல் கையெழுத்தான இந்தியா-பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தப்படி, குறிப்பிட்ட எண்ணிக்கையிலான கார்களுக்கு இறக்குமதி வரி படிப்படியாக 10 சதவீதம் வரை குறையும். வாழ்நாள் வரிக்கு அதில் சலுகை இல்லை.

கிள்ளையில் மீன் கூடை கட்டிப் போக ஒருவர் வாங்கும் மொபெட்டுக்கும் வாழ்நாள் வரி உண்டு. விலை 1 லட்சம் வரை என்றால் 10 சதவீதம். வண்டி ரோட்டுக்கு வருவதற்கு முன்பே மொத்தமாகக் கட்டியாக வேண்டும். அந்த வரியை மிச்சம் பிடிக்க அவர் புதுச்சேரியில் வீடு தேடுவதில்லை. இரண்டு வண்டிகளுக்கும் ஒரே ரோடுதான். அதைப் போடும் செலவில் மொபெட்காரரின் பங்கு ஒழுங்காக வந்து சேர்கிறது. மூன்றரைக் கோடி கார்க்காரரின் பங்கும் அப்படி வந்து சேர வேண்டாமா?