கடலுக்குப் போகும் தண்ணீர் வீணா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

மேட்டூர் நிரம்பிக் கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்துவிட்டால் போதும், நம் வாட்ஸ்அப் குழுக்களில் அதே வரி சுற்ற ஆரம்பித்துவிடும்: "இத்தனை டிஎம்சி வீணாகக் கடலில் கலக்கிறது!" அந்த 'வீண்' என்ற சொல்லோடுதான் என் சண்டை. நானும் கடைமடைக்காரன்தான். தண்ணீரின் அருமை தெரியாமல் பேசவில்லை.

உல்லம் என்றொரு மீன். வங்காளத்தில் இலிஷ், ஆந்திராவில் புலசா. கடலில் வளர்ந்து, வெள்ளக் காலத்தில் ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு ஏறி நல்ல தண்ணீரில் முட்டையிடும். ஒரு காலத்தில் கொள்ளிடத்திலும் காவிரியிலும் கூட்டங்கூட்டமாக ஏறியது. 1836-இல் அணைக்கரையில் ஆர்தர் காட்டன் கீழணை கட்டியதும் அதன் பாதை மறிக்கப்பட்டது. அணைக்குக் கீழே முட்டிக்கொண்டு நின்ற மீன்களை வாரி எடுத்தார்கள். சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்து மீன் ஆராய்ச்சிக்கு வந்த பிரான்சிஸ் டே, 1873-இலேயே இந்த அணைகளில் மீன் ஏற வழி விடுங்கள் என்று அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுத்தார். 150 வருடத்துக்கு முந்தைய கோரிக்கை! 1934-இல் மேட்டூர் அணை முடிந்து, வெள்ளமும் கட்டுக்குள் வந்த பிறகு காவிரியில் உல்லம் அருகிப்போனது. உங்களில் பலருக்கு இப்போது அந்தப் பெயரே புதிதாக இருக்கும்.

அணை இருந்தால் மீன் வராது, அவ்வளவுதான் என்று முடித்துவிடலாமா? கோதாவரியைப் பாருங்கள். தவளேஸ்வரத்தில் அணை கட்டியதும் இதே காட்டன்தான். ஆனாலும் ஆடி, ஆவணியில் அங்கே புலசா வருகிறது, ஒரு மீனை ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்குகிறார்கள். வருடாவருடம் செம்மண் கலங்கிய புதுவெள்ளம் அங்கே தங்குதடையில்லாமல் கடலைத் தொடுகிறது. கடலில் இருக்கும் மீனுக்கு அதுதான் அழைப்பு. நம் ஆற்றில் வெள்ளம் ஏதோ சில வருடம், சில நாள். அழைப்பே இல்லாத வீட்டுக்கு விருந்தாளி எப்படி வருவார்?

அமெரிக்காவில் எல்வா என்ற ஆற்றில் 2011 முதல் 2014 வரை இரண்டு பெரிய அணைகளையே இடித்தார்கள். ஏறக்குறைய நூறு வருடம் மேலே ஏற முடியாமல் இருந்த ஸ்டீல்ஹெட் என்ற மீன் தானாகவே ஏறிப்போனது. மேட்டூரை இடிக்கச் சொல்லவில்லை, பயப்படாதீர்கள்! டெல்டாவின் சோறு அது. ஆனால் கீழணையில் உல்லம் ஏறும் நாட்களில் சில ஷட்டர்களை முழுதாகத் தூக்கி வைப்பதற்கும், கொள்ளிடத்தில் புதிதாகக் கட்டும் கதவணைகளில் சரிவான மீன்வழி ஒன்று சேர்ப்பதற்கும் யார் வயிறும் காயாது. படிக்கட்டு மாதிரிக் கட்டிப் பயனில்லை. உல்லம் சால்மன் போலத் துள்ளி ஏறுகிற மீன் இல்லை.

நம் அரசலாற்றில் உல்லத்தை நான் எதிர்பார்க்கவில்லை. அங்கே என் ஆசை சின்னது. கொடுவாவும் மடவையும் கடலில் பிறந்து, குஞ்சுப் பருவத்தில் முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து வளர்பவை. விலாங்கு நேர்மாறு, ஆற்றில் வளர்ந்து முட்டையிடக் கடலுக்குப் போகும். தண்ணீர் வரத்து இல்லாவிட்டால் மணல் தூர்ந்து வாய் அடைபடும், டவுன் சாக்கடை தேங்கும், இரண்டு பக்கப் போக்குவரத்தும் நின்றுவிடும். கிளிஞ்சல்மேடு, அக்கம்பேட்டைப் பக்கத்துச் சிறு தொழில்காரர்களுக்கு இது பிழைப்பு. கடலில் 61 நாள் தடைக்காலம் வைத்து மீன் பெருக வழி செய்கிறோம், அதே மீன்களின் குஞ்சு வளரும் ஆற்றுவாயைக் குப்பைத்தொட்டியாக வைத்திருக்கிறோம். என்ன கணக்கு இது?

முட்டையிடும் மீனைக் காப்பதென்றால் அந்த நாட்களில் ஆற்றுவாயில் வலை போடக்கூடாது என்றும் வரும். அது நம் சனங்களுக்குக் கஷ்டம்தான். வங்கதேசத்தில் அக்டோபரில் 22 நாள் இலிஷ் பிடிக்கத் தடை, அந்த நாட்களுக்கு மீனவக் குடும்பங்களுக்கு அரசாங்கம் அரிசி கொடுக்கிறது. இங்கே தடைக்கால நிவாரணம் கொடுக்கிற அரசுக்கு இது புது வேலை இல்லை.

2007-இல் காவிரி நடுவர் மன்றம் புதுச்சேரிக்கு, அதாவது நம் காரைக்காலுக்கு, 7 டிஎம்சி ஒதுக்கியது எல்லோருக்கும் தெரியும். அதே தீர்ப்பில் சுற்றுச்சூழலுக்கென்று 10 டிஎம்சி தனியாக ஒதுக்கியிருப்பதை யாரும் பேசுவதில்லை. நெல்லுக்கு எவ்வளவு, குடிநீருக்கு எவ்வளவு என்று கேட்கிறோம், அந்த பத்தில் எவ்வளவு ஆற்றுவாய் வரை வந்தது என்றும் கேட்க வேண்டாமா? (எங்கே போய்க் கேட்பது என்பது வேறு விஷயம். புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 2006-இல் நடந்ததோடு சரி.)

பொதுப்பணித் துறையிலும் மீன்வளத் துறையிலும் இருக்கிற என் மாணவர்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். நம் ஊர் என்ஐடியில் படிக்கும் பிள்ளைகளும் இருக்கிறீர்கள். அரசலாற்று முகத்துவாரம் வருடத்தில் எத்தனை நாள் திறந்திருக்கிறது, கொடுவாக் குஞ்சு எந்த மாதம் உள்ளே வருகிறது என்று ஒரு வருடம் குறித்து வையுங்களேன். துறைக்கு மனு எழுதும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். உல்லத்தை ஆற்றில் பிடித்த கதை தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால், எந்த ஊர், எந்த வருடம் என்று கேட்டு கீழே எழுதுங்கள்.