வீதியிற் சுயாட்சி

சென்னையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியிருப்போர் நலச் சங்கங்களுக்குக் குறைவில்லை. அவற்றின் பெயர்ப்பலகைகளைக் காண்பது எளிது. காரியங்களைக் காண்பதுதான் அரிது. மழைக்காலத்தில் வீதியில் முழங்காலளவு ஜலம் நிற்கும்பொழுது ஒரு சங்கம் பிறக்கிறது. முதற் கூட்டத்தில் உட்கார இடமிராது. கோடை வருவதற்குள் உற்சாகம் வற்றிவிடுகிறது. இரண்டு வருஷங்கள் சென்றபின் எஞ்சியிருப்பவர் காரியதரிசி ஒருவரே. சந்தா வசூலிப்பவர் அவர். கார்ப்பரேஷன் ஆபீசுக்கு நடப்பவர் அவர். தெருவிளக்கு எரியாவிட்டால் ஏச்சுக் கேட்பவரும் அவரே. அவர் களைத்து உட்கார்ந்த அன்று சங்கமும் உட்கார்ந்துவிடுகிறது.

காரணம் கேட்டால், பணமில்லை என்பர். உழைக்க ஆளில்லை என்பர். இரண்டும் மெய்யே. ஆனால் அவை நோயின் குறிகளேயன்றி நோயல்ல என்பது நமது அபிப்பிராயம். கணக்குத் தெரியாத இடத்தில் பணம் சேராது. வேலை வகுக்கப்படாத இடத்தில் ஆள் சேரமாட்டார்.

முதலில் பணத்தைக் கவனிப்போம். உதாரணமாக, 60 வீடுகளுள்ள ஒரு வீதியில் வீட்டுக்கு மாதம் 100 ரூபாய் சந்தா என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் தவறாது கொடுத்தாலும் மாதத்திற்கு 6,000 ரூபாய். வருஷத்திற்கு 72,000 ரூபாய். இத்தொகை ஓர் இராக்காவற்காரரின் சம்பளத்திற்கே போதாது. எனினும் காவல், பூங்கா, பொங்கல் விழா, கண்காணிப்புக் காமிரா ஆகிய அனைத்தையும் முதற் கூட்டத்திலேயே தீர்மானம் செய்துவிடுகிறார்கள். ஒன்றும் நிறைவேறாததைக் கண்டு பாதிப்பேர் சந்தாவை நிறுத்துகிறார்கள். வருமானத்தை முதலில் எழுதி, அதற்குள் அடங்கும் ஒரே ஒரு காரியத்தை எடுத்து முடித்துக் காட்டுவதே விவேகம்.

இப்படிச் செய்தால் பலனுண்டு என்பதற்கு நமது நகரமே சாட்சி. 1989-ம் வருஷத்தில் எம். பி. நிர்மல் என்ற பாங்கு உத்தியோகஸ்தர் சென்னையில் எக்ஸ்நோரா இயக்கத்தைத் தொடங்கினார். ஒரு வீதியார் மாதந்தோறும் சிறு தொகை போட்டு, அதைக்கொண்டு ஒரு தொழிலாளியை அமர்த்தி, மூன்றுசக்கர வண்டியில் வீடுதோறும் குப்பை எடுக்கச் செய்வது அதன் ஏற்பாடு. காரியம் ஒன்று, தொகை சிறிது, பலனோ ஒவ்வொரு நாளும் வாசலிற் கண்ணுக்குத் தெரிந்தது. ஆகவே பல வீதிகள் அதைப் பின்பற்றின.

இனி உழைப்பு. சங்கத்தைப் பதிவுசெய்ய 1975-ம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் போதும். நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று வருஷங்களுக்கு மேற்படலாகாது என்றும் அச்சட்டம் கூறுகிறது. ஆனால் பதவிக்காலம் முடிந்தவரையே மறுபடியும் தேர்ந்தெடுப்பதற்குத் தடையில்லை. இதன் பயனாக, இன்று பல வீதிகளில் ஒருவரே பல ஆண்டுகளாகச் சுமை தாங்குகிறார். "உங்களைப்போல் யார் செய்வார்?" என்று புகழ்ந்து அவர் தலையிலேயே பாரத்தை மறுபடியும் ஏற்றுவது நன்றியன்று, சோம்பல்.

இவ்விஷயத்தில் நமது முன்னோரிடம் கற்கவேண்டியது உண்டு. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில், பராந்தக சோழன் காலத்தில் 919, 921-ம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட சாஸனங்கள் இருக்கின்றன. அவ்வூர்ச் சபை தோட்டத்திற்கு ஒரு வாரியம், ஏரிக்கு ஒரு வாரியம் என்று வேலையைப் பிரித்தது. தோட்ட வாரியத்திற்கு 12 பேர். ஏரி வாரியத்திற்கு 6 பேர். ஆட்களைக் குடவோலை மூலம் எடுத்தது. மூன்று வருஷங்களுக்குள் வாரியம் செய்தவருக்கு மறுபடியும் இடமில்லை. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவருக்கும், அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை! வேலையைப் பங்கிடு, ஆளை மாற்று, கணக்கைக் காட்டு என்ற இம்மூன்று விதிகளையும் இன்று எந்த வீதிச் சங்கமும் செலவின்றிக் கைக்கொள்ளலாம். விளக்குக்கு இருவர், வடிகாலுக்கு இருவர், கணக்குக்கு ஒருவர் என்று வகுத்து, ஆறு மாதத்திற்கு மட்டும் என்று கேட்டால், முன்வருவோர் பலர். "காரியதரிசியாக இருங்கள்" என்றால் ஓடுகிறவர், "மாதம் ஒருமுறை விளக்குகளைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்றால் மறுக்கமாட்டார்.

ஆனால் அந்தச் சாஸனத்தில் நாம் கொள்ளத்தகாததும் ஒன்று உண்டு. நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் உடையவர்க்கே அச்சபையில் இடமிருந்தது. நமது சங்கங்களில் பல இன்றும் வீட்டுக்காரரை மட்டும் அங்கத்தினராகக் கொண்டு, வாடகைக்குக் குடியிருப்போரை வெளியே நிறுத்துகின்றன. வெள்ளம் வந்தால் பத்திரம் பார்த்தா வீட்டுக்குள் நுழைகிறது? 2015-ம் வருஷம் டிசம்பரில் சென்னை மூழ்கியபொழுது, சொந்தக்காரரும் குடிக்கூலிக்காரரும் ஒரே மொட்டைமாடியில் நின்றார்கள். ஆளில்லை என்று குறைகூறும் சங்கம், வீதியிற் பாதிப்பேரைக் கணக்கில் கொள்ளாதிருப்பது விந்தையே.

மற்றொன்றையும் வற்புறுத்துகிறோம். வரியை வாங்கிக்கொண்டு கார்ப்பரேஷன் செய்யவேண்டிய வேலையைச் சங்கம் தன் சந்தாவைக் கொண்டு செய்வது தர்மமுமன்று, சிக்கனமுமன்று. வடிகால் வெட்டுவது கார்ப்பரேஷன் கடமை. வெட்டினார்களா என்று மழைக்கு முன்னரே பார்த்து, எழுத்து மூலம் கேட்பது சங்கத்தின் கடமை. ஒரு மனுவுக்குக் காகிதச் செலவே உண்டு. ஆனால் அதில் அறுபது வீட்டாரின் கையொப்பம் இருத்தல் வேண்டும்.

தேசத்தின் காரியங்களைப்பற்றி மணிக்கணக்கில் வாதிக்கும் நண்பர்கள் பலரை நாம் அறிவோம். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீதிச் சங்கத்தின் சென்ற வருஷக் கணக்கை ஒருமுறை கேட்டு வாங்கிப் படியுங்கள். கணக்கு இல்லையெனில், அதை எழுதும் வேலையை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரு வரவுப்புத்தகத்தை ஒழுங்காக வைக்கத் தெரியாத ஜனங்கள் பெரிய அதிகாரங்களைக் கேட்டுப் பெற்றும் பயனில்லை. சுயாட்சி என்பது தேர்தல் நாளில் மட்டும் நடப்பதன்று. மாதந்தோறும், வாசற்படியில், நூறு ரூபாய்க்கு ரசீது எழுதும்பொழுதும் அது நடக்கிறது.