தகுதி பேசுவோருக்கு பிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு பதில்

இட ஒதுக்கீடு என்று பேச்செடுத்தாலே எதிர்த்தரப்பு நண்பர்கள் நேராக ஆபரேஷன் தியேட்டருக்குள் ஓடிவிடுவார்கள். "மார்க் குறைந்தவனிடம் உன் இதயத்தைக் கொடுப்பாயா?" என்பார்கள். சரி, இதயத்தைப் பற்றியே பேசுவோம். நான் அவசர ஊர்தியில் வேலை பார்ப்பவன். துடிப்பு நின்றவர்களின் பக்கத்தில் முட்டி போட்டு உட்காருவது என் அன்றாடம்.

பெரியவர் ஒருவர் திடீரென்று சுருண்டு விழும்போது பல நேரங்களில் இதயம் உடனே அசைவற்றுப் போவதில்லை. அதன் கீழறைகள் தாளம் தப்பி, வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும். வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் என்று பெயர். அசைவு இருக்கும், ரத்தம் போகாது. அந்தக் கலவரத்தை அடக்க டீஃபிப்ரிலேட்டரின் மின்அதிர்ச்சி வேண்டும். அது வந்து சேரும்வரை மூளைக்கு ரத்தம் அனுப்புவது மார்பை அழுத்தும் கைகள்தான். இரண்டும் கிடைக்காத ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது. (சினிமாவில் திரையில் நேர்கோடு ஓடும்போது ஷாக் கொடுப்பார்களே, அது பொய். நேர்கோட்டுக்கு ஷாக் உதவாது.)

மார்பை அழுத்தினாலே ரத்த ஓட்டத்தைத் தக்கவைக்கலாம் என்பதை 1960-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். யாரும், எங்கும் செய்யலாம், இரண்டு கைகள் போதும் என்பதுதான் அதன் சாரம். 1966-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ் டீஃபிப்ரிலேட்டரை ஆம்புலன்சுக்குள்ளேயே ஏற்றிவிட்டார். அறிவியல் தயாராகிவிட்டது. அது யாருடைய தெருவுக்குள் வரும் என்பதுதான் மீதிக் கேள்வி.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஹில் டிஸ்ட்ரிக்ட் என்பது கறுப்பின மக்களின் பகுதி. 1950-களில் அரங்கம் கட்டுவதற்காக அங்கிருந்து சுமார் 8,000 பேரைக் கிளப்பினார்கள். அந்நகரில் நோயாளியை ஏற்றிப்போனது போலீஸ் வேன். பின்னால் ஸ்ட்ரெச்சரில் நோயாளி, முன்சீட்டில் போலீஸ்காரர்கள். வழியில் மூச்சு நின்றாலும் பார்க்க ஆளில்லை. கறுப்பர்களுக்கோ போலீசை அழைப்பதே பயம். 1966 நவம்பரில் முன்னாள் கவர்னர் டேவிட் லாரன்ஸ் தேர்தல் கூட்ட மேடையிலேயே இதயம் நின்று விழுந்தார். அவரையும் போலீஸ் வண்டிதான் கொண்டுபோனது. அவர் பிழைக்கவில்லை. வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்கும் முறையை நிலைநாட்டிய மருத்துவர் பீட்டர் சாஃபர் அந்த ஊரில்தான் இருந்தார். அதே ஆண்டில் தன் சிறு மகளையும் இழந்திருந்தார்.

1967-இல் ஹில் டிஸ்ட்ரிக்டின் கறுப்பர் அமைப்போடு சேர்ந்து அவர் தொடங்கிய சேவைதான் ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ். வேலைக்கு எடுத்தது யாரை? வேலைக்கே லாயக்கில்லை என்று நகரம் முத்திரை குத்திய கறுப்பின இளைஞர்களை. பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள், வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்கள், சிறை பார்த்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். சுமார் 300 மணி நேரம் பயிற்சி கொடுத்தார்கள். முதல் ஆண்டில் மட்டும் 5,800-க்கு மேற்பட்ட அழைப்புகளுக்கு ஓடினார்கள். 1974-இல் நான்சி கரோலின் என்ற மருத்துவர் பொறுப்பேற்று, இசிஜி பார்ப்பது, ஷாக் கொடுப்பது, ரத்தக் குழாயில் மருந்து ஏற்றுவது என்று மருத்துவமனைக்குள் நடந்ததையெல்லாம் தெருவிலேயே அவர்களைச் செய்யவைத்தார். அவர்களை வைத்து உருவான பாடமே அந்நாட்டின் துணை மருத்துவர் பயிற்சிக்கு அடித்தளமானது. இன்று உலகத்தில் எந்த ஆம்புலன்சில் இதயத் தாளத்தைச் சரிசெய்தாலும் அந்த இளைஞர்களுக்கு ஒரு கடன் இருக்கிறது.

அப்புறம் நடந்ததைத்தான் நம் ஊர் ஆட்கள் கவனிக்க வேண்டும். 1975 அக்டோபரில் நகராட்சி அந்தச் சேவையை மூடி, தன் சொந்தச் சேவையைத் தொடங்கியது. ஃப்ரீடம் ஹவுஸ்காரர்களைச் சேர்த்துக்கொண்டதுபோல் காட்டி, புதிதாகத் தேர்வுகள் வைத்தார்கள். பழைய போலீஸ் வழக்குகளைத் தோண்டினார்கள். அனுபவம் குறைந்த வெள்ளையர்களுக்குக் கீழே போட்டார்கள். ஒவ்வொருவராக வெளியேறினார்கள். 1990-களின் இறுதியில் அந்நகரச் சேவையில் ஏறக்குறைய எல்லாருமே வெள்ளையர்கள்.

பாருங்கள், ரத்தமும் வாந்தியும் மட்டும் இருந்தவரை அங்கே யாரும் தகுதி கேட்கவில்லை. சம்பளம், சீருடை, மரியாதை எல்லாம் வந்த பிறகுதான் தகுதி கேட்டார்கள். நமக்கு இது புதுக் கதையா? தலைமுறை தலைமுறையாகப் பிரசவம் பார்த்தவர்கள் நாவிதர் சமூகத்துப் பெண்கள். மருத்துவச்சி என்று கூப்பிட்டு, தீட்டு என்று திண்ணைக்கு வெளியே நிறுத்தினார்கள். அதே வேலை மகப்பேறு மருத்துவம் என்று பெயர் மாற்றிக்கொண்டதும் அதற்குத் தகுதியானவர்கள் யார் என்பதும் மாறிவிட்டது. சாஃபர் தகுதியைக் கைவிடவில்லை. 300 மணி நேரத்தில் அதை உருவாக்கினார். தகுதி பயிற்சியால் வருவது, பிறப்பால் அல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இன்னொன்றும் உண்டு. கல்லூரிகளில் உயிர்காப்புப் பயிற்சி கொடுக்கும்போது ஒரு கேள்வி தவறாமல் வரும்: "ஆள் யாருன்னே தெரியாம எப்படி சார் வாயில வாய வைக்கிறது?" தொற்று பயம் நியாயமானது, மறுக்கவில்லை. ஆனால் 'யாரு' என்பதற்கு நம்மூரில் வேறொரு அர்த்தமும் உண்டு என்பது கேட்பவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நல்லவேளை, பெரியவர் திடீரென்று விழுந்தால் மூச்சுக் கொடுக்காமல் மார்பை மட்டும் அழுத்தினாலே போதும் என்கிறது இன்றைய வழிகாட்டுதல். ஆனாலும் தொடாமல் முடியாது. தீட்டுப் பார்க்கிறவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்த 7 முதல் 10 சதவீதத்தில் சேரும்.

விமான நிலையத்திலும் மெட்ரோவிலும் தானியங்கி டீஃபிப்ரிலேட்டரைச் சுவரில் மாட்டுகிறார்கள், நல்லது. காலனிச் சமுதாயக் கூடத்தில் எப்போது மாட்டுவார்கள்? கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டிய கோரிக்கை இது. வண்டி உள்ளே வந்து திரும்ப இடமிருக்கும்படி காலனிக்குச் சாலை கேட்பதும் இதயச் சிகிச்சைதான்.

அதுவரை, தோழர்களே, உங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு மாலையை இதற்கு ஒதுக்குங்கள். விழுந்தவர் கூப்பிட்டால் அசையவில்லை, மூச்சும் சரியில்லை என்றால் 108-ஐ அழைத்து ஸ்பீக்கரில் போடுங்கள். நெஞ்சின் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மேலே மற்றொரு கையைக் கோத்து, முழங்கை மடங்காமல் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறையாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். ஒவ்வொரு முறையும் நெஞ்சை முழுசாக எழும்ப விடுங்கள். இரண்டு நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும். அப்போது மாற்ற ஆள் வேண்டும். அதனால் தெருவுக்கு ஒருவர் கற்றால் போதாது, நாலு பேராவது கற்றுக்கொள்ளுங்கள்.