போல்ட்டைப் போட்டு இழுக்காதீங்கய்யா!

"ஹோ ஜாயேகா, சாப்."

தில்லிக்கு மாற்றலாகி வந்த இந்தப் பதினாலு வருஷத்தில் நான் அதிகம் கேட்ட ஹிந்தி வாக்கியம் இதுதான். குழாய் ரிப்பேருக்கு வந்தவர் சொன்னால் சிரித்துக்கொள்ளலாம். என் வண்டியின் கியர் பாக்ஸைக் கழற்றித் தரையில் உருட்டி வைத்துவிட்டு ஒருத்தர் சொன்னபோது சிரிப்பு வரலை. பதிவு கொஞ்சம் சூடாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

ஆட்டோமேட்டிக் வண்டியில் எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே டார்க் கன்வர்ட்டர் என்று ஒன்று உண்டு. (ஏஎம்டி வண்டிக்காரர்கள் இப்பவே தாண்டிப் போகலாம். உங்களுக்கு அதே பழைய கிளட்ச் பிளேட்தான், மிதிக்கிறது மட்டும் மெஷின்.) அண்டாவில் ரசத்தைக் கரண்டியால் வேகமாகச் சுழற்றுங்கள். மிதக்கிற கறிவேப்பிலையும் சுத்தும், கரண்டி அதைத் தொடவே தொடாது. அதே சமாச்சாரம்தான். எஞ்சின் பக்கத்துச் சக்கரம் ஆயிலைச் சுழற்ற, அந்த ஆயில் கியர் பாக்ஸ் பக்கத்துச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. நடுவில் ஸ்டேட்டர் என்று மூன்றாவது ஒன்று திரும்பி வரும் ஆயிலைச் சரியான திசைக்குத் திருப்பிவிட்டு இழுவையைக் கூட்டுகிறது. ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மானியர் கப்பலுக்காக யோசித்து 1905-இல் காப்புரிமை வாங்கியது. நூத்திச் சொச்சம் வருஷப் பழைய வித்தை, ராக்கெட் இல்லை.

மயூர் விஹாரிலிருந்து ஆபீஸ் போக அக்ஷர்தாம் பக்கம் தினமும் ஊர்வலம். ஊர்ந்து போகும்போது கன்வர்ட்டர் உள்ளே வழுக்கல்தான், வழுக்கினால் சூடு. வெளியே மே மாச வெயில் நாற்பத்தஞ்சு டிகிரி. இதில் 'ஆயுசுக்கும் ஆயில் மாத்த வேண்டாம்' என்று சொல்கிற புண்ணியவான்கள் யாருடைய ஆயுசைச் சொல்கிறார்களோ! அறுபதில் போகும்போது வண்டி குறுக்குக் கட்டை மேல் ஏறின மாதிரி நடுங்க ஆரம்பித்தது. கன்வர்ட்டருக்குள்ளே இருக்கும் லாக்-அப் கிளட்ச் தேய்ந்ததன் அடையாளம்.

முதல் இடத்தில் "மொத்த அசெம்ப்ளியும் மாத்தணும்" என்றார்கள். சொன்ன தொகை என் வண்டியின் புத்தக மதிப்பைவிட அதிகம். பி.காம். படிச்சவனுக்கு அது போதாதா? ஓடி வந்துட்டேன். இரண்டாவது இடத்தில் கன்வர்ட்டர் மட்டும் மாற்றித் தர ஒப்புக்கொண்டார்கள்.

இறக்குவது பெரிய விஷயம் இல்லை. பேட்டரி இணைப்பு, டிரைவ் ஷாஃப்ட், கூலர் குழாய் எல்லாம் கழற்றி, எஞ்சினைக் கையால் திருப்பித் திருப்பி ஃப்ளெக்ஸ் பிளேட்டில் கன்வர்ட்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, கியர் பாக்ஸையும் கன்வர்ட்டரையும் சேர்த்தே இறக்க வேண்டும். நாள் பிடிக்கும், அவ்வளவுதான்.

வினையே திரும்ப மாட்டுவதில் இருக்கு. புது கன்வர்ட்டரில் கொஞ்சம் ஆயில் ஊற்றி, கியர் பாக்ஸ் தண்டில் செருகி, மெல்லத் திருப்பிக்கொண்டே தள்ள வேண்டும். 'டப்' என்று ஒரு படி உள்ளே போகும். இன்னும் திருப்பினால் இன்னொரு 'டப்'. பெரும்பாலான பெட்டிகளில் இரண்டு மூன்று முறை. டர்பைன் பல், ஸ்டேட்டர் பல், கடைசியாக ஆயில் பம்ப்பைச் சுழற்றும் காடி. இந்தக் கடைசி 'டப்' விழாமலே விழுந்த மாதிரி இருக்கும். அதனால்தான் பெல் ஹவுசிங் விளிம்பில் நேர்ச்சட்டம் வைத்து, கன்வர்ட்டர் எவ்வளவு உள்ளே இருக்கு என்று அளந்து, மேனுவலோடு ஒப்பிட வேண்டும் என்பது. இரண்டு நிமிஷ வேலை.

அளக்கலை. பெட்டி எஞ்சினோடு ஒட்டாமல் விரலளவு இடைவெளி விட்டு நின்றது. கையாலேயே முழுசாக ஒட்ட வேண்டும், ஒட்டின பிறகும் கன்வர்ட்டர் உள்ளே சுலபமாகச் சுற்ற வேண்டும். நம்ம உஸ்தாத் என்ன செய்தார்? "ஹோ ஜாயேகா" என்று நீள போல்ட்டைப் போட்டு முடுக்கி இழுத்தார். ஒட்டியது. சாவி போட்டதும் பம்ப் உடைந்தது. வண்டி முன்னேயும் போகலை, பின்னேயும் போகலை.

"கூலிக்கு வேலை செய்யறவன் மேல பழி போடாதீங்க சார்" என்பீர்கள். போடலை. லிஃப்ட் இல்லாமல் அட்டையை விரித்து மல்லாந்து படுத்து அந்த எடையைத் தாங்கின பையனுக்கு எத்தனை வண்டி முடித்தான் என்பதைப் பார்த்துத்தான் காசு. அளக்கிற நிமிஷத்துக்குக் காசு கிடையாது. அப்படி வைத்திருக்கும் முதலாளியைத்தான் கேட்கிறேன். வங்கியில் ஒருத்தர் பதிவு செய்தால் இன்னொருத்தர் சரிபார்த்துத்தான் பணம் போகும். பெட்டக அறைக்கு இரண்டு சாவி, இரண்டு ஆள். நாங்கள் திருடர்கள் என்பதால் இல்லை, மனுஷன் சாயங்காலம் ஆறு மணிக்கு அசந்து போவான் என்பதால். உங்க கடையில் அந்த இரண்டாவது சாவி எங்கே?

சரி, என் பங்கையும் சொல்லிடறேன். அன்னிக்கு மத்தியானத்திலிருந்து நாலு முறை போன் பண்ணி "ஆச்சா, ஆச்சா" என்று விரட்டினது நான்தான். ராத்திரி சென்னையிலிருந்து வரும் மாமனாரை அழைத்து வர வண்டி வேண்டியிருந்தது. அவர் ஆட்டோவில் வந்து சேர்ந்தார். ஒரு வார்த்தை சொல்லலை, அதுதான் இன்னும் கஷ்டமா இருந்தது :-)

மூன்றாவது ஆளைப் பிடித்தேன். பம்ப், முன் சீல் எல்லாம் புதுசு. உடைந்த தூள் கூலரில் தங்கியிருக்கும் என்று அதையும் கழுவினார். கன்வர்ட்டரை உட்கார வைத்துவிட்டு, நான் கேட்காமலே வெர்னியரை எடுத்து அளந்தார். அந்த எண்ணை ஜாப் கார்டில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். வினோதமாகப் பார்த்தார், போட்டார். பக்கத்தில் நானும் ஒன்று போட்டேன். நகல் என் மேஜை டிராயரில், எல்.ஐ.சி. பத்திரத்தோடு இருக்கு.